'சுழல்' தொடரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

புஷ்கர் – காயத்ரி எழுதி, 2022 ஜூன் மாதம் அமேசான் பிரைமில் வெளிவந்த 'சுழல்' தொடரைப் பற்றி சம்மாந்துறைத் தோழர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு.

சீமெந்துத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். இரவில் ஆலை எரிகிறது. பொலிஸின் சந்தேகம் சங்கத் தலைவர் சண்முகத்தின் மீது விழுகிறது. அதே இரவில் அவருடைய இளைய மகள் நிலாவைக் காணவில்லை.

சங்கத் தலைவரைச் சந்தேகத்துக்குரியவராகக் காட்டுவது அவதூறு என்கிறார்கள் சிலர். நடப்பதைத்தானே காட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். அவர்கள் சொல்வதே சரி. உரிமை கேட்பவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுத்தான் கோவிந்தன் உயிரிழந்தார்.

போகப்போகக் கதை வேலைநிறுத்தத்தை விட்டு வீட்டுக்குள் போய்விடுகிறது என்று குறை சொல்வோரும் உண்டு. நம்மைப் பொறுத்தவரை அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்ட தலைவருக்குத் தன் பிள்ளையின் துயரம் தெரியவில்லை.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய் மாலையில்தான் திரும்புகிறாள். சம்மாந்துறையில் அறுவடைக் காலத்தில் உம்மாவும் வாப்பாவும் வயலில். பிள்ளை யார் பொறுப்பில்?

சம்பளமும் சேமலாப நிதியும் பேசும் கிளைக் கூட்டங்களில் பிள்ளைகளின் பாதுகாப்பும் பேசப்பட வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டு மூடி மறைத்தால் பாதிக்கப்படுவது பிள்ளைதான்.