தையல் காசு செல்லாக் காசா?

பகலில் ஆஸ்பத்திரியில் வார்டு பாய், ராத்திரியில் தையல். சம்பளம் 18,000, தையலில் 12,000. இப்படி ரெட்டை உழைப்பு உழைக்கிற நம் ஜனம் வீட்டுக்கடன் கேட்டு வரும்போது, வங்கிக் குமாஸ்தா நான் பார்க்கிற கணக்கு இது. வருமானத்தில் பாதி தவணைக்கு என்றால் 15,000 கட்டலாம். 9,000தான் என்கிறது வங்கி. தையலுக்கு இரண்டு மூன்று வருஷ வருமானவரிக் கணக்கு வேண்டுமாம். 'பேப்பர் இல்லியா? போய்ட்டு வா.' பாட்டன் சொத்தும் ஆடிட்டரும் உள்ளவனுக்குப் பேப்பர் தேடி வரும். சேரி உழைப்புக்குச் சாட்சி விரல் காய்ப்பு. தவணை தவறினாலோ, 2002ஆம் வருஷ சர்ஃபாசி சட்டம் வழக்கே போடாமல் வீட்டை எடுக்கும்.

தோழர்களே, வரி விழாத வருமானத்துக்கும் கணக்கு தாக்கல் செய்யலாம். தெருத்தெருவாகச் செய்ய வைப்போம். பேப்பரோடு போய் நிற்போம்: எங்க உழைப்ப முழுசா எண்ணு!