சொல்லாமற்போன யோசனை



சென்ற ஆண்டு, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசற்சீமையில், சிற்றூர் ஒன்றில் வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். மானாவாரி வெள்ளாமை கைவிட்டதால், அவ்வீட்டு இளைஞர் ஒப்பந்தக்காரர் வழியாக நூற்பாலை ஒன்றில் ஆறு மாத வேலைக்குப் போய்வந்தார். அங்கே பருத்தியுடன் செயற்கை இழை கலந்து புதுவகை நூல் நூற்க முயன்றனராம். நூல் ஓயாது அறுந்ததாம்.

"எந்த நேரத்தில், எந்தப் பக்கத்துக் கதிரில் அறுகிறது என்று எனக்குத் தெரியும், சாமி" என்றார்.

"மேற்பார்வையாளரிடம் சொன்னாயா, தம்பி?"

"அடுத்த மாதம் நான் இருப்பேனோ மாட்டேனோ! சொல்லி என்ன ஆகப் போகிறது, சாமி?"

இம்மறுமொழி நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. புதிய சரக்கு பொறியாளரின் மேசையில் மட்டும் பிறப்பதன்று. இயந்திரத்தருகே நாள்தோறும் நிற்பவரே அதன் குறையை முதலில் காண்கிறார். அவர் அதைச் சொல்ல வேண்டுமானால், தம் சொல்லின் பயனைக் காணத் தாமும் அங்கிருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும்.

ஜப்பானில், தாயார் நெய்வதைக் கண்டு வளர்ந்த சக்கிச்சி டொயோடா, இழை அறுந்ததும் தானே நின்றுவிடும் தறியை 1924இல் நிறைவு செய்தார். தறியின் அருகிலேயே வாழ்ந்தவருக்குத் தோன்றிய புதுமை அது. அவர் மகன் கீச்சிரோ 1937இல் தொடங்கிய டொயோட்டா மோட்டார் நிறுவனம், 1950இல் ஆட்குறைப்பாலும் வேலைநிறுத்தத்தாலும் தத்தளித்தது. கீச்சிரோ பதவி விலகினார். மறு ஆண்டே தொழிலாளரிடம் யோசனை கேட்கும் திட்டம் அங்குத் தொடங்கிற்று. வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை வேரூன்ற, யோசனைகளும் பெருகின.

பஞ்சு விலை ஏறி இறங்குவதையும், வேலை ஒரே சீராய் வராமையையும் ஆலை நடத்துவோர் காரணமாகக் காட்டுவர். அதில் உண்மை உண்டு. வேற்று ஆலையிலிருந்து வருபவர் புதிய முறையைக் கொணர்வதும் உண்டு. ஆயினும், கைப்பழக்கம் வருமுன்னே ஆளை மாற்றிக்கொண்டேயிருந்தால், கூலி மிஞ்சலாம், அறிவு மிஞ்சாது. பழைய நூலையே மலிவாய் நூற்க அது போதும். புதிய நூலுக்குப் போதாது.

ஆதலின், ஆலைப் பொறுப்பிலுள்ள நம் குடும்பத்தினருக்கு ஒன்று கூற விழைகிறோம். தற்காலிகமாய் வந்தவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர் கண்டதைக் கேளுங்கள். யோசனை பலித்தால் அது யாருடையது என்பதைப் பலரறியச் சொல்லுங்கள். திறமை தெரிந்தபின் அவரை நிலைப்படுத்துங்கள்.

அந்த இளைஞர் இப்பொழுது வேறோர் ஆலையில் இருக்கிறார். இம்முறையேனும் எவராவது அவரைக் கேட்பாராக!