பரணில் கிடக்கும் மடிக்கணினி குறித்துக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரத்து ஊர்களிலும் கல்வராயன்மலைச் சிற்றூர்களிலும் வாழும் பெரியோர்க்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும், அம்மண்ணில் பிறந்து இன்று அயல்நாடொன்றில் கணினி நிருவாகியாகப் பணியாற்றும் ஒருவர் வணக்கத்துடன் எழுதுவது.

கணினி நிருவாகி, அதாவது பேச்சுவழக்கில் சிஸ்டம் அட்மின், என்பவர் ஒரு நிறுவனத்தின் சர்வர்களும் அவற்றை இணைக்கும் வலையமைப்பும் இரவுபகலாக இயங்குமாறு காப்பவர் ஆவார். அத்தொழிலில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: வெள்ளிக்கிழமையன்று ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் எந்த மாற்றமும் செய்யலாகாது, ஏனெனில் பிழை நேர்ந்தால் சனியும் ஞாயிறும் அதைச் சரிசெய்வதிலேயே கழிந்துவிடும். பஞ்சாங்கப்படி வெள்ளிக்கிழமை இராகுகாலம் பத்தரை மணி முதல் பன்னிரண்டு வரைதான். கணினி நிருவாகிகளுக்கோ அது நாள் முழுதும் நீள்வது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பிய ஓர் அப்டேட், அதாவது ஏற்கெனவே நிறுவப்பட்ட மென்பொருளைப் புதுப்பிக்கும் சிறு கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளைப் பிழையறிவிக்கும் நீலத்திரையில் நிறுத்திவிட்டது. இந்திய விமான நிலையங்களில் சில பயணிகள் கையால் எழுதிய போர்டிங் பாஸுடன் பறந்தனர். அக்கோப்பு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குப் புறப்பட்டது. இராகுகாலம் தொடங்க முக்கால் மணிக்கு மேல் இருந்தமையால் பஞ்சாங்கத்தின் மீது பழி போடவும் வழியில்லை. முடங்கிய கணினிகளில் பலவற்றை ஒருவர் நேரில் அணுகி, பழுதான கோப்பைக் கையால் அழித்தே மீட்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் ஜூலையின் கடைசி வெள்ளிக்கிழமையில் கொண்டாடப்பட்டுவரும் கணினி நிருவாகிகள் பாராட்டு நாள் அதற்கு அடுத்த வாரமே வந்தது என்பதை இங்குக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

விண்டோஸ் கணினிகள் மட்டுமே அன்று முடங்கியதைக் கண்டு லினக்ஸ் அன்பர்கள் கொண்ட மகிழ்ச்சி சற்று மிகையானது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் வகையைச் சார்ந்த இயங்குதளம்; ஆயினும் அதே கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் மென்பொருள் அவ்வாண்டின் முற்பகுதியில் சில லினக்ஸ் கணினிகளையும் முடக்கியிருந்தது. அதைவிடப் பெரிய கண்டம் ஒன்று 2024 மார்ச் 29 அன்று, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையில், வெளிப்பட்டது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் சிறு கருவி உலகின் எண்ணற்ற லினக்ஸ் சர்வர்களில் இருப்பினும், அதைப் பல்லாண்டுகளாக ஊதியமின்றிப் பேணியவர் பெரும்பாலும் லாஸ்ஸே காலின் என்ற ஒருவரே. மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியை ஏரி உடையும் நாள் வரை ஊரார் நினைப்பதில்லை என்பதற்கு இது கணினியுலகச் சான்று. ஜியா டான் என்ற பெயரில் உதவிக்கு வந்த ஒருவர், இரண்டாண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, கருவியினுள் கள்ளவழி ஒன்றைப் பொருத்திவிட்டார். சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைத் தோண்டி எடுத்தார். அவர் மைக்ரோசாஃப்டின் ஊழியர் என்பது இக்கதையின் இனிய முரண்.

ஆகவே கட்டற்ற மென்பொருள் பழுதுபடாது என்பது பொய். பழுது எங்குள்ளது என்று அயலார் ஒருவரும் உள்ளே சென்று பார்க்க இயல்வதே அதன் சிறப்பு, அதுவே போதுமான சிறப்பு.

தொலைதூரத்துச் செய்திகளுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் உள்ள தொடர்பு வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 7உடன், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடியவிருந்த நிலையில், தமிழ்நாடு அரசு தன் துறைகளையே பாஸுக்கு மாறுமாறு பணித்தது. எனினும் மாணவர் பலர் பாஸை ஒருமுறையும் திறவாமலே அழித்துவிட்டனர். அதற்கு அவர்களைக் குறைகூறுதல் தகாது, ஏனெனில் இயங்குதளத்தைக் கொடுத்தவர்கள் அதைப் பழக்கிக் காட்டும் ஆளைக் கொடுக்கவில்லை. எஞ்சிய விண்டோஸ் 7க்கான ஆதரவு, பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட, 2020 ஜனவரி 14 அன்று, சரியாகப் போகிப் பண்டிகை நாளில், நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தமையால், பின்னர் வாங்கிய கணினிகள் பலவும் இப்போது அதே வரிசையில் நிற்கின்றன.

அவற்றை எடைக்குப் போட வேண்டியதில்லை. குறைந்த நினைவகத்தில் இயங்கும் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழலுடன் டெபியனைப் பென்டிரைவிலிருந்து நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகையும், கடிதமும் கணக்கும் எழுத லிப்ரெஆஃபிஸும் காசின்றிக் கிடைக்கும். தமிழ் இடைமுகங்கள் அரைகுறையாகவும் சில இடங்களில் புரியாத தமிழிலும் உள்ளன என்பதை மறைப்பதற்கில்லை. திருத்தும் உரிமை அனைவர்க்கும் உண்டு என்பதால் குறையைச் சுட்டுவோருக்கே வேலையும் வந்து சேரும். அலைபேசி சிக்னல் எட்டாத மலையூர்களுக்குக் கிவிக்ஸ் என்னும் செயலி மிகவும் உகந்தது: வெள்ளிமலையிலோ கள்ளக்குறிச்சியிலோ ஒருமுறை பதிவிறக்கிய தமிழ் விக்கிப்பீடியாவை, இணையமே இல்லாத பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும் மாணவர்கள் படிக்க அது வழிசெய்யும்.

பழக்கிக் காட்டும் ஆளும் தொலைவில் இல்லை. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்க்குப் பயிற்சி அளித்துவருகிறது. 2019 நவம்பர் 26 வரை கள்ளக்குறிச்சியும் விழுப்புர மாவட்டமே ஆதலால் கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் இப்பாடங்களை எளிய தமிழில் தருகிறது. தலைமையாசிரியர்கள் அக்குழுவினரை ஒரு விடுமுறை நாளில் பள்ளிக்கு அழைக்குமாறும், வீட்டில் பழைய மடிக்கணினி உள்ளோர் அதைத் துடைத்து எடுத்துவருமாறும், அதிலுள்ள படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளுமாறும் இம்மடல் வேண்டுகிறது.