பிள்ளை பிறந்த பிறகு தாயை யார் பார்ப்பது?



பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் எல்லோருடைய கண்ணும் பிள்ளையின் பக்கம் போய்விடும். தாய்க்கு ஆபத்தான நேரமும் அதுதான். நஞ்சுக்கொடி விழுந்த பின் கருப்பை கல்லுப்போல இறுகினால்தான் குருதிக்குழாய்கள் அடைபடும். இறுகாவிட்டால் குருதி ஓடிக்கொண்டே இருக்கும்.

தொண்ணூறுகளில் வன்னியில் மருத்துவமாதுவாக நின்றபோது, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் துணியைத் தொட்டுப் பார்த்தே குருதியை மதிப்பிட்டோம். "கொஞ்சம் கூடத்தான்" என்பதுதான் எங்கள் அளவு. மின்வெளிச்சம் உள்ள வைத்தியசாலைகள் பலவற்றிலும் கண்தான் அளவுகோல்.

கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளில் 80 வைத்தியசாலைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2023இல் வெளியானது. தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். குருதி அதற்குள் சேரும். எவ்வளவு என்று கோட்டில் தெரியும். கண்ணால் பார்த்த இடங்களில் குருதிப்பெருக்கு ஏற்பட்டவர்களில் பாதிப்பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். விரிப்பு வைத்த இடங்களில் 100க்கு 93 பேர்! கண்டதும் கருப்பையைத் தேய்த்து, அதை இறுகச் செய்யும் மருந்து, திரனெக்சாமிக் அமிலம், சேலைன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்து, காயம் உண்டா என்றும் பார்த்தார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. கடுமையான குருதிப்பெருக்கு 60 வீதம் குறைந்தது. திரனெக்சாமிக் அமிலத்தைப் பிள்ளை பிறந்து 3 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் நேரமே பெரிய மருந்து.

விரிப்பு விலை கூடிய பொருளல்ல. உங்கள் வைத்தியசாலையில் உண்டா என்று கிளினிக்கில் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல. இரும்புச்சத்துக் குளிசையையும் வீட்டில் அடுக்கி வைக்காமல் போடுங்கள். குருதி குறைந்த உடம்பு சிறு இழப்பையும் தாங்காது.

"கெட்ட இரத்தம், போகட்டும்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்குள் துணி முழுக்க நனைந்தால், தலை சுற்றினால், குளிர்ந்து வியர்த்தால், நெஞ்சு படபடத்தால் உடனே கூப்பிடுங்கள். தாதி ஏசுவா என்று பயந்து கிடக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி நடந்தாலும் விடியும்வரை பாராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கணவனை இழந்து, கூட நிற்க ஆளில்லாமல் பேற்றுக்குப் போகும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. அவர்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "அக்கா, நான் பேச்சில்லாமல் கிடந்தால் நித்திரை எண்டு விட்டிடாதேங்கோ, தட்டிப் பாருங்கோ."