சாயும் முன்பே முந்திக்கொள்ளும் மூளை

குளியலறையில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ‘காதுல ஏதோ கோளாறு, பேலன்ஸ் போயிடுச்சு.’ இல்லாவிட்டால், ‘வயசாயிடுச்சு, கால்ல தெம்பில்ல.’ இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். உடம்பு சாய்கிறது, காது அதைக் கண்டுபிடிக்கிறது, தசை அனிச்சையாக இழுத்து நிமிர்த்துகிறது. படித்தவர்களும் சமநிலையை இப்படித்தான் விளக்குகிறார்கள். ஆனால் இந்த வரிசையே தவறு. மூளை பல நேரங்களில் சாய்வுக்காகக் காத்திருப்பதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே அளந்து காட்டப்பட்ட உண்மை இது.

முதலில் அனிச்சைச் செயல் என்ற வாதத்தைப் பார்ப்போம். 1967-இல் மாஸ்கோவில் விக்டர் குர்ஃபிங்கெலும் அவருடைய சகாக்களும், நேராக நிற்பவர்களைக் கையை முன்னால் தூக்கச் சொல்லி, தோள் தசையிலும் கால் தசைகளிலும் எழும் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். கையைத் தூக்க வேண்டியது தோள் தசை. ஆனால் அதற்கும் சில பத்து மில்லிவினாடிகள் முன்னதாகவே பின்தொடைத் தசை இறுகிவிட்டது. கை முன்னால் போனால் உடலின் எடை மையம் நகரும்; தோளில் எழும் எதிர்விசை உடலை உலுக்கும். கால் தசை இறுகிய நொடியில் இதில் எதுவும் நடந்திருக்கவில்லை. நடக்காத அசைவைக் காது எப்படி உணர்ந்து சொல்லும்? கையை அசைக்கும் கட்டளையோடு சேர்த்து, அந்த அசைவு உடலை என்ன செய்யும் என்ற கணிப்பையும் மூளை அனுப்பியிருக்கிறது. அதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பழகிப்போன தசைகள் சேர்ந்தே இயங்குகின்றன, இதில் கணிப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். அமெரிக்காவில் கார்டோவும் நாஷ்னரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. நின்றபடி ஒரு கைப்பிடியை இழுக்கச் சொன்னபோது, கைத்தசைக்கு முன்பே கெண்டைக்கால் தசை இறுகியது. அதே நபரின் மார்புக்கு ஒரு தாங்கல் வைத்துச் சாய்ந்துகொள்ளச் செய்ததும் கெண்டைக்கால் ஓய்ந்துவிட்டது. கை செய்தது அதே வேலைதான். உடம்பு விழ வழியில்லை என்பதால் காலுக்கு வேலை இல்லை. வெறும் பழக்கம் இப்படிச் சூழலைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளாது.

அனிச்சைச் செயலே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் ஏறத்தாழ 100 மில்லிவினாடியில் கால் தசைகள் ஈடுகொடுக்கின்றன. அது கடைசித் தடுப்பு. நாள் முழுக்க நாம் குனிவதும் எட்டுவதும் திரும்புவதும் அந்தத் தடுப்பு வரை போகாமலேயே நடந்து முடிகின்றன.

சும்மா நிற்பதற்குக்கூட இது பொருந்தும். கணுக்காலின் விறைப்பே உடம்பைத் தாங்கிவிடும் என்று ஒரு கருத்து இருந்தது. பர்மிங்காமில் லோரமும் லேக்கியும் அதை நேரடியாக அளந்து, அந்த விறைப்பு மட்டும் போதாது என்று 2002-இல் காட்டினார்கள். உடம்பு முன்னால் சாயும்போது கெண்டைக்கால் தசை நீள்வதற்குப் பதிலாகச் சுருங்குகிறது என்பதையும் பின்னர் கண்டார்கள். தசை நீண்டால்தான் அனிச்சை தூண்டப்படும் என்ற எளிய விளக்கம் அங்கே நிற்காது.

அடுத்து காது. உட்செவியின் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய பைகளும் சொல்வது தலையின் அசைவை மட்டும்தான். தலை மட்டும் குனிந்ததா, உடம்பே கவிழ்கிறதா என்று பிரித்தறியக் கழுத்தும் பாதமும் கண்ணும் சாட்சி சொல்ல வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் 1971-இல், 19 வயதில், ஒரு நோய்க்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வையும் தன் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும் இழந்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் கெடவில்லை. இருந்தும் அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் திட்டமிட்டு, நீண்ட காலம் உழைத்து நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். காதும் தெம்பும் போதும் என்பவர்கள் அவர் கதையை அவசியம் அறிய வேண்டும்.

‘இதெல்லாம் தானாக நடப்பது, கவனத்துக்கு இதில் இடமில்லை’ என்பதும் பாதி உண்மைதான். நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்களே பின்னாளில் அதிகம் விழுந்தார்கள் என்று 1997-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்துக்குப் போட்டியிடுகின்றன. அதற்காக, புத்திக்குத் தெரிந்தால் போதும் என்றும் ஆகாது. ஓடாத எஸ்கலேட்டரில் கால் வைக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள், அது நின்றிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும். படி நகரும் என்று உடம்பு பழகி வைத்திருக்கும் கணிப்பு, அறிவின் பேச்சைக் கேட்பதில்லை.

கடைசியாக, வயது. முதுமையிலும் பார்க்கின்சன் நோயிலும் இந்த முன்னேற்பாடு தாமதமாகிறது அல்லது சுருங்குகிறது. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால் கணிப்புக்கு வேண்டிய செய்தியே வருவதில்லை. இவற்றைத் தெம்பில்லை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கி, வீட்டுப் பெரியவரை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பழக்கம் விட்டுப்போனால் கணிப்பு இன்னும் மழுங்கும். உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்று 2019-இல் காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. சமநிலைப் பயிற்சிக்கும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிக்கும் அதில் உறுதியான சான்று இருந்தது. தசைக்கு வலுவேற்றும் பயிற்சி மட்டும் தனியாகப் போதும் என்பதற்கு இல்லை. படுக்கையில் கிடந்தபடி காலை நீட்டி மடக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், பக்கத்தில் ஒருவர் துணை நிற்க, பிடித்துக்கொள்ளச் சுவரும் இருக்க, நின்றபடி எட்டி ஒரு பொருளை எடுக்கவும் திரும்பிப் பார்க்கவும் அவரை விட வேண்டும்.