பெயர் தெரிந்த நோய்

"தீர்க்க முடியாத நோய்க்குக் காரணம் கண்டுபிடித்து என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. நாம் இதனை ஏற்பதற்கில்லை. பிரேசில் நாட்டுக் கோயாஸ் மாநிலத்திலுள்ள அராராஸ் என்னும் சிற்றூரை எண்ணிப் பார்ப்போம்.

அங்கு ஏறத்தாழ 800 பேர் வாழ்வதாகவும், அவர்களில் 20 பேருக்கு மேல் ஒரே நோயால் வாடுவதாகவும் 2014-ஆம் ஆண்டுச் செய்திகள் கூறின. சீரோடெர்மா பிக்மெண்டோசம் என்பது அதன் பெயர். முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். பின்னர் வெயில் படுமிடமெல்லாம் புற்றுநோய் கிளம்பி, மூக்கையும் உதட்டையும் அரிக்கும். அவ்வூராரில் பலர் உழவர்கள். மருத்துவரிடம் சென்றபோது இரத்தக் கோளாறு என்றும், வெறும் தோல் நோய் என்றும் சொல்லக் கேட்டுத் திரும்பியவர்கள்.

உண்மைக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நொதியின் குறையே. நம் டி.என்.ஏ. இழையில் தைமின் என்னும் எழுத்து இரண்டு அடுத்தடுத்து நின்றால், சூரியனின் புறஊதாக் கதிர் அவற்றை ஒட்டவைத்துவிடும். இழையை நகலெடுக்கும் வழக்கமான நொதி அங்கே வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறது. அப்போது கைகொடுப்பது 'பாலிமரேஸ் ஈட்டா' என்னும் தனி நொதி. ஒட்டிய தைமின்களுக்கு எதிரே இரண்டு அடினின்களைச் சரியாக வைத்து வேலையை நடத்திச் செல்கிறது. ஒட்டைப் பிரிப்பது அதன் வேலையன்று. அதற்கு வேறு நொதிகள் உண்டு. இந்த நொதி இல்லாதபோது நகலில் பிழைகள் மலிகின்றன. அவற்றிலிருந்து புற்று பிறக்கிறது.

இதனை ஆக்கும் மரபணு 6-ஆம் குரோமோசோமில் உள்ளது, 'பி.ஓ.எல்.எச்.' என்பர். அதன் பழுதே இவ்வகை நோய்க்குக் காரணமென்று 1999-இல் தெரியவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்ற பிள்ளைக்கே நோய் வரும். அராராஸில் சில குடும்பங்களே தமக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்ததால் அவ்விருவர் அடிக்கடி சந்தித்தனர். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே சம்பந்தம் பேசும் நம் பெரியோரும் இதனைச் சற்றுச் சிந்திக்கலாகாதா?

இவ்வகை நோயாளிகளில் பலருக்கு வெயில் பட்டவுடன் தோல் வெந்து போவதில்லை; எச்சரிக்கையே இல்லாமல் ஆண்டுகள் கழிகின்றன. ஆகவேதான் காரணம் தெரிவது முக்கியம் என்கிறோம். தெரிந்தால், பிள்ளையைத் தொட்டில் நாள் முதலே கதிர் படாமல் காக்கலாம். புற்றை முளையிலேயே அறுத்தெடுக்கலாம். யார் செய்த பாவமோ என்று தாய் அழவும் வேண்டாம்.

ஆனால், "வெயிலில் போகாதே" என்று உழவனிடம் சொல்வது எளிது. வயலில் இறங்காவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? தோலுக்குப் பூசும் களிம்பும், நிழலில் செய்யத்தக்க தொழிலும், அதுவரை உதவித்தொகையும் அவனுக்குக் கொடுத்த பிறகே அந்த அறிவுரையைச் சொல்லவேண்டும்.