வழியில் ஒன்றுமில்லையா?

மலைச்சாலைகளில் மிதிவண்டி ஓட்டும் நண்பர்கள் எழுதும் பயணக்குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வாக்கியம் உண்டு: 'வழியில் ஒன்றுமில்லை.' இரண்டு பொருளில் அதைச் சொல்கிறார்கள். ஒன்று எச்சரிக்கை, தண்ணீரும் தின்பண்டமும் கையோடு கொண்டுபோ என்பது. இன்னொன்று புகழ்ச்சி, யாருமில்லாத சாலை உனக்காகக் காத்திருக்கிறது என்பது. முதல் பொருளோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவது பொருள்தான் தமிழில் மலையைப் பற்றி எழுதுபவர்களின் அடிப்படையான நோய் என்று நினைக்கிறேன்.

இந்த வாக்கியம் அதிகமாகச் சூட்டப்படுவது, காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழியாக நீலகிரிக்கு ஏறும் சாலைக்கு. குன்னூர் சாலையும் கோத்தகிரிச் சாலையும் சுற்றுலா வண்டிகளால் நிரம்பி வழிய, இந்த மூன்றாவது வழி ஓரளவு தப்பித்துக் கிடக்கிறது. 43 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியின் புழுக்கத்தில் தொடங்கி, மூங்கிலும் முட்புதரும் கடந்து, தேயிலையும் சோலையும் வரும்வரை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறவேண்டும். மிதிவண்டிக்காரனுக்கு இதைவிட நல்ல சாலை தமிழகத்தில் அதிகமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தச் சாலை நமக்காகப் போடப்பட்டதல்ல. குந்தா நீர்மின் திட்டம் 1950களின் பிற்பகுதியில், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, குந்தா, கெத்தை, பில்லூர் என்று அணைகளை அடுக்கடுக்காகக் கட்டி, ஒரே தண்ணீரை மலையின் வெவ்வேறு படிகளில் திரும்பத் திரும்ப விழவைத்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அது. சுழலிகளும் குழாய்களும் சிமெண்டும் மேலே போயாக வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பாறை உடைத்தார்கள். இன்று நாம் 'தவழ்ந்து ஏறுகிற' இந்தப் பகுதி முழுவதும் அந்த உழைப்பின் எச்சம். (ஒரு கணக்கு: வண்டியோடு சேர்த்து 85 கிலோ எடையை 1,500 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். அரைநாள் மூச்சுவாங்கிச் சேர்ப்பது அவ்வளவே. பக்கத்துக் குழாய்க்குள் இறங்கும் தண்ணீர் இதைக் கண்சிமிட்டும் நேரத்தில் செய்துவிடுகிறது.)

அதற்கு முன்பும் இங்கே வழிகள் இருந்தன. இருளர்களும் குறும்பர்களும் நடந்த தடங்கள், படகர் ஹட்டிகளுக்கு இடையிலான பாதைகள். சாலை வந்தபின் அந்தத் தடங்களில் பல சாலையிலேயே வந்து சேர்ந்துவிட்டன. ஆகவே காலையில் தேயிலைக்காட்டுக்குப் போகும் பெண்கள் நடப்பதும், பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்பதும், விறகுச்சுமை இறங்குவதும் இதே தாரின் மேல்தான். 'ஒன்றுமில்லை' என்று எழுதுபவர் இவர்கள் எல்லோரையும் கடந்துதான் மேலே போயிருக்கிறார். அவருடைய புகைப்படத்தில் யாருமில்லை, ஏனென்றால் அவர்கள் சட்டகத்தைவிட்டு விலகும்வரை அவர் காத்திருந்தார்.

சாலை அமைதியாக இருக்கிறது என்றால் இயந்திரங்கள் குறைவு என்றுதான் பொருள். மனிதர்கள் இல்லை என்பதல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணப் பிழையாகத் தோன்றலாம். ஆனால் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' போல இம்மலையின் மக்களை மையத்தில் வைத்த நாவல் வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆனபின்னும், நம் பயணக்கட்டுரைகளில் மலை என்பது மூடுபனியும் தனிமையும் எழுத்தாளரின் அகமும் மட்டுமாகவே இருப்பது ஏன்? குறிஞ்சியைத் திணையாகப் பிரித்தவர்கள் அதற்குத் தெய்வத்தோடு மக்களையும் தொழிலையும் உணவையும் பறையையும்கூடச் சொல்லிவைத்தார்கள். நாம் நிலத்தை மட்டும் உருவிக்கொண்டோம்.

இதற்கு எதிர்வாதமாக ஒரு நண்பர் பிரான்சை எடுத்துக்காட்டினார். அங்கே செவென் மலைப்பகுதியில், லொசேர் மாவட்டத்தில், மணிக்கணக்காக ஒரு காரும் கடக்காத அருமையான தார்ச்சாலைகள் உண்டு; நம்மால் ஏன் அப்படி வைத்திருக்க முடியவில்லை என்று கேட்டார். உண்மை, அவை அருமையான சாலைகள். ஆனால் அந்த அமைதியின் விலை என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மாவட்டம் அது. இன்று 80 ஆயிரத்துக்கும் குறைவு. பிரான்சின் பெருநிலத்தில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அதுவே. 1878இல் ஸ்டீவன்சன் ஒரு கழுதையோடு அந்த மலைகளைக் கடந்தபோது ஊர்களில் ஆட்கள் இருந்தார்கள், வழி கேட்டால் ஏமாற்றுவதற்காவது இருந்தார்கள். இன்று அவர் நடந்த தடம் சுற்றுலாப் பாதையாகிவிட்டது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்ட கிராமங்களின் சாலை அமைதியாகத்தான் இருக்கும். அதை நாம் இலட்சியமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆட்கள் இருந்தும் இரைச்சல் இல்லாத சாலை வேண்டும் என்பதே கேட்கத் தகுந்த கோரிக்கை. கெத்தைச் சாலை இன்றைய நிலையில் கிட்டத்தட்ட அதுதான்.

அந்த நிலை நீடிக்குமா என்பதுதான் கேள்வி. இதை மாற்றுப்பாதையாக அகலப்படுத்த வேண்டும் என்ற குரல் நெடுநாளாகவே உண்டு. இங்கேதான் 'ஒன்றுமில்லை' என்ற புகழ்ச்சி ஆபத்தாகிறது. அகலப்படுத்தச் சொல்பவரும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்: அங்கே ஒன்றுமில்லையே, வெட்டினால் என்ன?

வெட்டினால் என்ன ஆகும் என்பதை நீலகிரி நன்றாகவே அறியும். மலைச்சரிவு தன் அடிவாரத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. சாலைக்காக அடியை வெட்டும்போது மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போகிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளும்போது ஓடைகளின் வாய் அடைபடுகிறது. பிறகு ஒரு பெருமழை போதும். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனையும் சாலையால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரிவில் கைவைப்பதை எளிய பொறியியல் வேலையாகப் பேசுபவர்கள் அந்த மழையை நினைவில் வைத்திருக்கட்டும்.

குறுகிய மலைச்சாலை தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. எதிரில் பேருந்து வந்தால் ஒருவர் நின்றாக வேண்டும். அங்கே மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அதாவது, மெதுவாகப் போகிறவனுக்கு முன்னுரிமை. மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் மிதிவண்டிக்காரனுக்கு இதைவிட இனிய சட்டம் உலகில் இல்லை. சாலையை இரட்டிப்பாக்கினால் இந்த விதியும் செத்துவிடும். நிற்கத் தேவையில்லாத ஓட்டுநர் நிற்க மாட்டார். அகலச் சாலை மிதிவண்டிக்கும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் குன்னூர் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப்பார்க்கலாம்.

நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும். அதற்குத் தேவை, ஒதுங்கி நிற்க வெட்டிவிட்ட இடங்கள், சீரான வடிகால், தடுப்புச்சுவர், மழைக்குப்பின் உடனே மண் அள்ளும் ஆட்கள். கூடவே, மலைமேலேயே ஒழுங்காக இயங்கும் மருத்துவமனை. சுற்றுலாக் கார்களுக்கான சாலையை ஆம்புலன்ஸின் பெயரால் கேட்பது கொஞ்சம் வெட்கக்கேடு.

வண்டிகளைக் குறைக்க முடியாது என்ற புலம்பலும் இனிச் செல்லாது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே விதிக்கப்பட்டது. மசினகுடி கல்லட்டிச் சாலையில், 2018இல் ஒரு கார் பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போனபின், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தச் சாலையின் 36 வளைவுகளை யாரும் நேராக்கவில்லை. மலை மாறவேண்டியதில்லை, வருகிறவர்களை முறைப்படுத்தலாம் என்பதற்கு இந்த இரண்டு சான்றுகள் போதும்.

நம்மவர்களையும் விட்டுவிட முடியாது. இரண்டு லட்ச ரூபாய் வண்டியைக் காரின் பின்னால் கட்டி, மேட்டுப்பாளையம் வரை நான்கு பேர் இரண்டு காரில் வந்து, பின்னாலேயே ஒரு காரில் தண்ணீரும் வாழைப்பழமும் ஊர்ந்துவர, அமைதியைத் தேடி ஏறுகிறோம். பழத்தோலையும் கோந்துப் பொட்டலங்களையும் வளைவில் வீசுகிறோம். அதிகாலை இருளில் யானைக்காட்டுக்குள் விளக்கடித்துக்கொண்டு போவதை வீரம் என்று எழுதுகிறோம். கெத்தைச் சாலையில் யானைகள் பேருந்தையே மறிப்பது அடிக்கடி செய்தியாகிறது. பேருந்தின் ஒலியாவது அவற்றுக்குத் தூரத்திலேயே கேட்கும். இறக்கத்தில் ஓசையின்றி வளைவு திரும்பும் மிதிவண்டி, யானைக்கு முன்னறிவிப்பே இல்லாத விருந்தாளி. நன்றாக விடிந்தபின் கிளம்பி, வெயில் சாய்வதற்குள் மஞ்சூர் சேர்வது கோழைத்தனமல்ல.

அமைதியான வழிகளின் பட்டியல் போடுபவர்கள் போடட்டும். இரகசியம் காக்கச் சொல்லவில்லை, சாலை பொதுச்சொத்து. ஆனால் பட்டியலில் வளைவுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்றத்தின் சதவீதத்துக்கும் பக்கத்தில் ஊர்ப்பெயர்களையும் எழுதுங்கள். எந்த ஊரில் தேநீர்க்கடை உண்டு, பேருந்து எத்தனை மணிக்கு வரும், எந்த ஓடைப்பாலம் மழையில் அடைபடும் என்று எழுதுங்கள். வெள்ளியங்காட்டில் நிரப்பிய பாட்டில் எங்கே தீர்ந்தது, யார் வீட்டு வாசலில் அதை மறுபடி நிரப்பிக்கொடுத்தார்கள் என்பதையும்.